வீட்டிலிருக்கும் பெரியவர்கள்

எடுத்ததற்கெல்லாம் பிள்ளைகளிடம் ‘அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்’ என்று சொல்லாதீர்கள், எல்லா வீட்டிலும் அப்படி இருவர் இருப்பதில்லை, ‘வீட்டிலிருக்கும் பெரியவர்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள் என்று ஒரு பயிற்சி நாளில் அதிபர் அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் கோப்பியைக் கலக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சந்திரவதனா மட்டும் மனசுக்குள் ‘அப்பாடா’ என்றாள். இவ்வளவு வசதியான ஒரு சொல்லை அவள் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. யார், என்ன முறை, ஏன் கலியாணம் முடிக்கவில்லை, ஒன்றும் கேட்காது. பெரியவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு சொல்லைத் தமிழிலும் யாராவது முதலே கண்டுபிடித்திருந்தால் தன் பாடு எவ்வளவோ சுகமாகப் போயிருக்கும் என்று நினைத்தாள்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் பாதிக்கு மேல் நம்முடைய பிள்ளைகள். பிள்ளைகளுக்கு அவள் ‘மிஸ்’, தாய்மாருக்கு ‘ரீச்சர்’. மார்க்கம் வீதியில் ஓர் உயரமான கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தாள். வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தனியாக இருக்கிற பெண்ணை நம்முடைய சனம் சும்மா விட்டுவிடுமா? ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருத்தி செவ்வாய்க் குற்றம் என்றாள். இன்னொருத்தி, பேசிவைத்த மாப்பிள்ளை ஜேர்மனிக்குப் போய் வெள்ளைக்காரியை முடித்துவிட்டான் என்றாள். இல்லாத அந்த மாப்பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. சந்திரவதனா எதையும் மறுக்கவில்லை. பொய்க்கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்வரை உண்மைக் கதையை ஒருவரும் தேடமாட்டார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

உண்மைக் கதையின் பெயர் வேரோனிக்கா. மன்னார்க் கரைப் பக்கத்து ஆள். கிளிநொச்சியில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள், ஒரே வீட்டில் இருந்தார்கள். வெளியே பார்க்கிறவர்களுக்கு வீட்டைப் பங்குபோட்டு எடுத்த இரண்டு ரீச்சர்மார். கதவைச் சாத்தினால் அது ஒரு குடும்பம். ஒருத்தி சமைத்தால் மற்றவள் சட்டி கழுவுவாள். ஒருத்தி கோபித்தால் மற்றவள் அதைவிடப் பெரிதாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளுக்குச் சோறு இறங்காது. வேறென்ன வேண்டும் குடும்பம் என்று சொல்ல? சண்டை கிட்ட வந்தபோது அண்ணன் சந்திரவதனாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டார். வேரோனிக்கா அசையவில்லை.

“பள்ளிக்கூடத்தை நடுவில விட்டிட்டு வரேலாது. நீ முதல்ல போ. நான் பின்னால வாறன்” என்றாள்.

அந்த ‘வாறன்’ பத்துப் பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், லைன் கிடைத்தால், குரல் மட்டும் வரும். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தோடு அதுவும் நின்றுபோயிற்று.

அந்த வருஷத்து வசந்தகாலம் ஸ்காபரோவில் யாருக்கும் வசந்தகாலமாக இருக்கவில்லை. வன்னியில் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வீடு வீடாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. சந்திரவதனாவின் கட்டடத்திலேயே, ஐந்தாம் மாடியில், தில்லையம்பலம் அண்ணை தன் தங்கையையும் தங்கையின் பிள்ளைகளையும் ஒரே ஷெல்லில் பறிகொடுத்தார். பிரேதம் இல்லாத செத்தவீடு. ஆனாலும் சனம் வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சோறும் கறியும் பக்கத்து வீடுகளிலிருந்து அடுக்குச் சட்டிகளில் வந்தன. வந்தவர்கள் நிலத்தில், காப்பெற் விரிப்பில் இருந்து அழுதார்கள், கதைத்தார்கள், கதைக்காமல் இருந்தார்கள், பிறகு எழும்பிப் போனார்கள். செத்தவீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது அல்லவா? அங்கே திரும்பி வருகிறோம் என்று சொல்வது இன்னொரு சாவுக்கு வருகிறோம் என்று சொல்வதுபோல. அதனால் அங்கே வாயாடிகளும் பேசாமல்தான் எழும்பிப் போவார்கள்.

வாயாடிகள் என்றால் முதலில் குணவதியைச் சொல்லவேண்டும். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. மகள் ஆரபி சந்திரவதனாவின் வகுப்பில் படித்தாள். குணவதி ஓர் இடத்திலிருந்து புறப்படுகிறாள் என்றால் அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். “வாறன் ரீச்சர்” என்று கதிரையில் இருந்தபடி ஒருமுறை, கதவடியில் ஒருமுறை, அங்கே புதுக்கதை ஒன்று தொடங்கி முடிந்தபின் ஒருமுறை, கடைசியில் எலிவேற்றருக்குள் நின்று கதவு மூடும்போது கையை நீட்டி மறித்து “வாறன் என்ன!” என்று ஒரு சத்தம். தில்லையம்பலம் அண்ணை வீட்டுக்கு முழுச் சமையலும் அவள்தான் பொறுப்பு. அங்கே அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனதைச் சந்திரவதனா பார்த்தாள். நாளைக்கு வேரோனிக்கா என்று செய்தி வந்தால் என் வீட்டுக்கு ஆர் வருவினம்? என்னவென்று சொல்லிக் கூப்பிடுவேன்? சிநேகிதி செத்ததற்கு யாராவது அடுக்குச் சட்டி தூக்கிக்கொண்டு வருவார்களா?

இந்தக் கேள்வியோடுதான் அவள் சித்திரை மாதக் கடைசியில் வகுப்பில் குடும்பச் சுவர் ஒட்டத் தொடங்கினாள்.

குடும்பச் சுவர் ஒவ்வொரு வருஷமும் நடப்பது. பிள்ளைகள் ஆளுக்கொரு கடதாசி வீடு வெட்டி, அதற்குள் தங்கள் வீட்டு ஆட்களைக் கீறுவார்கள். மிஸ் ஒரு சீட்டில் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் இன்னார் இன்னார் என்று எழுதி, வீட்டின் கீழே சேர்த்துச் சுவரில் ஒட்டுவாள். பிறகு ஒரு மாலை பெற்றோர் வந்து பார்ப்பார்கள். அந்த வருஷம் வகுப்பில் அட்சயா என்றொரு பிள்ளை இருந்தாள். ஏழு வயது, வாய் மூடாத பிள்ளை. அவளுக்கு இரண்டு தாய்மார். ஒருவர் ராஜஸ்ரீ, கோயம்புத்தூரிலிருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிறவர். அவரை அட்சயா ‘அம்மா’ என்பாள். மற்றவர் ஜோஆன், இந்த நாட்டுக்காரி, நகரத்து பஸ் ஓட்டுகிறவர், அவர் ‘மம்மி’. ஜோஆன் யூனிஃபோர்மோடு பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் வகுப்பே யன்னலில் போய் ஒட்டிக்கொள்ளும். “என் மம்மி இவ்வளவு பெரிய பஸ்ஸை ஒரு கையால் திருப்புவா” என்று அட்சயா கையை விரித்துக் காட்டுவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அதில் பொறாமை தவிர வேறு ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

யன்னலால் சந்திரவதனாவும் பார்ப்பாள். ஒருநாள் பனித்தூறலில் ராஜஸ்ரீ தன் குடைக்குள் ஜோஆனை இழுத்து, கொலரில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசலில், பத்துப்பேர் பார்க்க! சந்திரவதனா சட்டென்று திரும்பிக் கரும்பலகையை அழித்தாள். அதில் அழிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கிழமைதான் குணவதி எலிவேற்றரில் அவளைப் பிடித்தாள்.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. ஒண்டு கேக்கோணும்.”

“சொல்லுங்கோ.”

“உந்தப் பிள்ளை, அட்சயா. அதின்ர வீட்டுப் படமும் சுவரில வருமாமே? ஆரபி வந்து கேக்கிறாள், அம்மா, ஏன் எங்களுக்கு ஒரு அம்மாதான் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? அவை நல்ல ஆக்களாத்தான் இருப்பினம், நான் இல்லையெண்டேல்லை. ஆனால் உதைச் சுவரில கொட்டை எழுத்தில எழுதித்தான் படிப்பிக்கோணுமே? எங்கட சனம் கொஞ்சப்பேர் இதைப்பற்றிக் கதைக்கினம். வெள்ளைக்கார ரீச்சரெண்டால் நான் வாயே திறக்கமாட்டன். நீங்கள் எங்கட ஆள், உங்களுக்கு விளங்கும்.”

“பாப்பம்” என்றாள் சந்திரவதனா.

நல்ல ஆசிரியை என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. பயிற்சி நாளில் அதற்கும் வசனம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ‘எங்கள் வகுப்பில் எல்லாக் குடும்பமும் குடும்பம்தான்.’ அதை ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்காக வாயைத் திறந்தால் சனம் திரும்பித் தன் வீட்டைப் பார்க்குமே? ‘ஏன் இவவுக்கு இவ்வளவு அக்கறை?’ என்று ஒருத்தி கேட்டால் போதுமே, ஜேர்மனி மாப்பிள்ளை அன்றைக்கே செத்துவிடுவான். பயம் பிடித்த மனிசி என்ன செய்வாள்? நம்முடைய ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். முறை தெரியாத எந்தப் பெண்ணுக்கும் நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறதே! அம்மாவோடு வேலை செய்கிறவ அன்ரி, கோயிலில் சுண்டல் குடுக்கிறவ அன்ரி, பக்கத்து வீட்டுக்காரி அன்ரி. மரியாதைக்கு மரியாதை, தொல்லையும் இல்லை. அட்சயாவின் கடதாசி வீட்டின் கீழே அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள்: அம்மா, அன்ரி, அட்சயா.

ஒட்டி முடியுமுன்னே அட்சயா வந்து நின்றாள்.

“மிஸ், இது பிழை.”

“அன்ரியும் அன்பான சொல்தானே, கண்ணா.”

“ஆரபி எல்லாரையும் அன்ரி என்கிறாள். பஸ் ஸ்டொப்பில் நிற்கிறவர்களைக்கூட. என் மம்மி அன்ரி இல்லை. மம்மி.”

“பெல் அடிக்கப் போகுது. போய் இரும்மா” என்றாள் சந்திரவதனா. பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

பெற்றோர் வந்த மாலை குணவதி சுவரை வாசித்துவிட்டுச் சந்திரவதனாவைப் பார்த்துத் தலையசைத்தாள். நல்ல காரியம் செய்தியள் என்கிற தலையசைப்பு. சந்திரவதனாவுக்குக் கூசியது. பிறகு ஜோஆன் வந்தார். குனிந்து வாசித்தார். “ஏழு வருஷமாக மம்மியாக இருந்தேன். இன்றைக்கு எனக்குப் பதவி இறக்கம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ராஜஸ்ரீ சிரிக்கவில்லை.

“மிஸ், இதை வேற யாராவது எழுதியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்” என்றார் தமிழில், மெதுவாக. “எங்கம்மா ஊர்லேர்ந்து ஃபோன் பண்றப்பல்லாம் ‘அந்த ஆன்ட்டி நல்லா இருக்காங்களா’ன்னுதான் கேப்பாங்க. அவங்களுக்கு வேற வார்த்தை வராது, வயசாச்சு. உங்களுக்குமா மிஸ் வரலை? மாத்துங்கன்னு நான் கேக்கலை. நீங்களே பாத்துக்கங்க.”

சந்திரவதனாவுக்கு அதற்கும் ஒரு “பாப்பம்”தான் வந்தது. அவள் பார்க்கவில்லை. சுவர் அப்படியே இருந்தது.

வாய் மூடாத அட்சயா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. காலையில் எல்லோரும் வட்டமாக இருந்து கதைக்கும் நேரத்தில் அவளுடைய முறை வந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பாள். அன்னையர் தினத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வகுப்பில் மெல்லிய ரிஷூக் கடதாசியில் பூச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு பூ. அட்சயா தன் பூவைச் செய்து முடித்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், நடுவால் வெட்டி இரண்டாக்கினாள். இரண்டு பாதியும் கையில் நிற்காமல் இதழ் இதழாக உதிர்ந்தது. அழாமல் பொறுக்கி எடுத்துப் பைக்குள் வைத்தாள். இன்னொரு பூவுக்குக் கடதாசி குடுக்கச் சந்திரவதனாவுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? மேசையில் கட்டாகக் கிடந்தது. எழும்பினாள். ஆரபி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப இருந்துவிட்டாள். அன்றைக்கு அவள் தன்னை வெறுத்த அளவுக்கு வேறு எவரையும் வெறுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினத்தன்று, சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்துப் பெருந்தெருவில் ஏறிக் குந்தியது. சந்திரவதனாவும் போனாள். பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் தோளைத் தொட்டு, “உங்கட ஆக்கள் ஆர் பிள்ளை, வன்னிக்குள்ள?” என்று கேட்டார். ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில், எல்லோரும் ஒரே துக்கத்தோடு இருக்கிற இடத்தில், அவள் “தெரிஞ்ச ஆள்” என்றாள். அன்ரி “ஓ” என்றுவிட்டு மறுபக்கம் திரும்பித் தன் மகனைப் பற்றி வேறொருவரிடம் சொல்லி அழுதார்.

அடுத்த கிழமை எல்லாம் முடிந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த திங்கட்கிழமை இங்கே மகாராணியின் பெயரால் விடுமுறை. பொழுதுபட, பூங்காக்களில் வாணவேடிக்கை. ஒவ்வொரு வெடிக்கும் கட்டடத்தில் எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. சந்திரவதனா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வைகாசி முடியப்போகும் நேரத்தில் அது அடித்தது. பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிற சீமோன், வேரோனிக்காவின் தம்பி.

“சந்திராக்கா, அக்கா போட்டா. முகாமிலயிருந்து ஒராள் கோல் எடுத்துச் சொன்னவர். முள்ளிவாய்க்காலில. கடைசி நாள்களிலயாம். பள்ளிக்கூடப் பிள்ளையள் கொஞ்சப்பேரோட பங்கருக்குள்ள இருந்தவவாம்.”

“ஓம்” என்றாள். “ஓம் தம்பி. ஓம்.”

சனிக்கிழமை பிறம்ரனில் ஒரு மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். முதல் வாங்கில் சீமோனும் மனைவியும், அடுத்த வாங்கில் மச்சான்மார், மச்சாள்மார். சந்திரவதனா கடைசி வாங்கில் இருந்தாள். வேரோனிக்காவின் படம் முன்னுக்கு, பூவுக்குள் இருந்தது. அந்தப் படம் சந்திரவதனா எடுத்தது. அவளுடைய நிழல்கூட அதன் ஓரத்தில் விழுந்திருந்தது. இப்போது அந்த ஓரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பூசை முடிய ஒருவர் சீமோனிடம், “உவ ஆர்?” என்று கேட்டார். “அக்காவோட படிப்பிச்ச ரீச்சர்” என்றான் சீமோன். அவனில் பிழை இல்லை. அவள் அவனுக்கு வேறு என்ன சொல்லியிருக்கிறாள்? பஸ் மாறிப் பஸ் மாறி ஸ்காபரோ வந்துசேரும்வரை அந்த வசனம் அவளோடு கூடவே வந்தது. அன்ரி என்று எழுதியபோது அந்தப் பிள்ளைக்கு எங்கே குத்தியிருக்கும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். ஆரபிதான் தொடங்கினாள்.

“மிஸ் அழுதிருக்கிறா. கண்ணைப் பாருங்கள்.”

“எனக்கு வேண்டிய ஒருத்தி ஊரில் செத்துப்போனாள்” என்றாள் சந்திரவதனா.

நம்முடைய பிள்ளைகளுக்கு அந்த வருஷம் இந்த வசனம் பாடமாக இருந்தது. என் பெரியப்பாவும் செத்தார், என் அம்மாவின் மச்சாள், அப்பாவின் தங்கச்சி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு கை மெல்ல மேலே வந்தது. அட்சயா. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

“மிஸ், அவ உங்கள் அன்ரியா?”

பழிவாங்கக் கேட்கவில்லை அந்தப் பிள்ளை. முகத்தில் இரக்கம்தான் இருந்தது. மிஸ்ஸுக்கு வேண்டிய ஒரு பெண் என்றால் அன்ரி என்றுதான் சொல்லவேண்டும் என்று மிஸ்தானே படிப்பித்தாள்!

சந்திரவதனா வாயைத் திறந்தாள். ‘வீட்டிலிருந்த ஒரு பெரியவர்’ என்ற சொல் ஓடி வந்து நாக்கில் நின்றது. சும்மா சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்கலாம். ஆரபி கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே சொல்வது பின்னேரத்துக்குள் மூன்றாம் மாடிக்குப் போய்விடும். போகட்டும். இனி யாரை இழக்க இருக்கிறது?

“இல்லை” என்றாள். “அன்ரி இல்லை. அவவின் பெயர் வேரோனிக்கா. நாங்கள் இரண்டு பேரும் ஒரு குடும்பம். அட்சயாவின் அம்மாவும் மம்மியும் மாதிரி.”

அட்சயாதான் மறுபடி கேட்டாள்.

“அப்படியென்றால் என் மம்மியை ஏன் அன்ரி என்று எழுதினீர்கள்?”

“பயத்தில.”

“யாருக்குப் பயந்து?”

“பெரியவர்களுக்கு.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸே பெரியவ, மிஸ் பெரியவர்களுக்குப் பயப்பிடுகிறாவாம்! சந்திரவதனாவுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. “அது பிழை, அட்சயா. நான் செய்தது பிழை. எங்கள் வகுப்பில் எல்லாக் குடும்பமும் குடும்பம்தான்” என்று பயிற்சி நாளில் படித்த வசனத்தைக் கடைசியில் சொன்னாள். அட்சயாவின் கடதாசி வீட்டைச் சுவரிலிருந்து எடுத்து, கீழே இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, மார்க்கரை அட்சயாவின் கையில் குடுத்தாள். அட்சயா நிலத்தில் குப்புறப் படுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கூரைக்குக் கீழே அம்மா, மம்மி, அட்சயா என்று எழுதினாள். இடம் போதாமல் தன் பெயரின் கடைசி எழுத்துக் கூரையில் ஏறிவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே ஒட்டினார்கள்.

பள்ளி விட்டபோது அட்சயா ராஜஸ்ரீயைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து சுவரைக் காட்டினாள். ராஜஸ்ரீ வாசித்தார். பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல மிச்சத்தையும் கேட்டார். சந்திரவதனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே வாசலில் ஆரபி தாயின் கையைப் பிடித்துக் குதித்துக் குதித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குணவதி நிமிர்ந்து யன்னலைப் பார்த்தாள். ஒரு நாளும் பேசாமல் போகாதவள், அன்றைக்குப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் போனாள். சரி, முடிந்தது என்று நினைத்தாள் சந்திரவதனா.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் இருந்தாள். சனி, ஞாயிறு, இன்று. அவள் அடுப்பு மூட்டவேயில்லை. முறைக்காக அல்ல, மனம் வரவில்லை. பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டிருந்தாள். தொலைபேசி அடிக்கவில்லை. இனி அடிக்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்கக்கூட இனி ஆளில்லை. இந்த நகரத்தில் இவ்வளவு தமிழ்ச்சனம், கூப்பிடு தூரத்தில் இத்தனை வீடு, தன் வீட்டில் ஒரு சாவு விழுந்ததை அவள் வாயால் கேட்டறிந்தது ஏழு வயதுப் பிள்ளைகள் கொஞ்சப்பேர்தான்.

பொழுது சாயும் நேரம் கதவில் தட்டுக் கேட்டது. திறந்தாள். குணவதி. கையில் அடுக்குச் சட்டி.

ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்தாள். சட்டியைக் குசினியில் வைத்துவிட்டு, சோபாவில் இருக்காமல் காப்பெற்றில் இருந்தாள். சந்திரவதனாவும் எதிரே நிலத்தில் இருந்தாள்.

“ஆரபி சொன்னவள்” என்றாள் குணவதி. பிறகு சேலைத் தலைப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“பேரென்ன?”

“வேரோனிக்கா.”

“வேதக்காரரோ?”

“ஓம்.”

“எங்க?”

“முள்ளிவாய்க்காலில. பள்ளிக்கூடப் பிள்ளையளோட.”

குணவதி தலையைக் குனிந்து காப்பெற்றின் நூலைப் பிடுங்கினாள். “வடிவான ஆளோ?”

இந்தக் கேள்வியை ஒருவர் தன்னிடம் கேட்பார் என்று சந்திரவதனா கனவிலும் நினைத்ததில்லை. “பல்லு கொஞ்சம் மிதப்பு” என்றாள். “சிரிச்சால் வடிவு.”

“ம்.” குணவதி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “ரீச்சர், நான் ஒளிச்சுக் கதைக்கிற ஆளில்லை. எனக்கு உது விளங்கேல்லை. விளங்குமெண்டும் நினைக்கேல்லை. ஆரபிக்கு என்ன சொல்லுறதெண்டும் தெரியேல்லை.” குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். “சோறும் பருப்பும், கத்தரிக்காய்ப் பால்கறியும். மீன் மச்சம் ஒண்டும் போடேல்லை. சூட்டோட சாப்பிடுங்கோ.”

எழும்பினாள். சந்திரவதனாவும் எழும்பிக் கதவுவரை வந்தாள். குணவதி வாசலில் நின்று திரும்பினாள். வழக்கத்தில் அவளுடைய வாய் திறந்தது; சந்திரவதனா காத்திருந்தாள். வாய் மூடிக்கொண்டது. குணவதி நடையால் போனாள், எலிவேற்றருக்குள் ஏறினாள், முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மெல்ல மூடியது. அதை மறித்து ஒரு கை நீளவில்லை.

குணவதி வாறன் என்று சொல்லவில்லை.

சந்திரவதனா கதவைச் சாத்தினாள். காப்பெற்றில், குணவதி இருந்த இடத்துக்கு எதிரே, திரும்பப் போய் இருந்தாள். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, செத்தவீட்டுக்காரி அழுகிற மாதிரி, பெயர் சொல்லி அழுதாள்.